காப்பும் தளையும்

தோற்றுவாய்

தமிழ்மொழியிற் காப்பு என்பது பலபொருள் குறித்த ஒருசொல். காவல் என்பது அதன் முதற்பொருள். நூலின் தொடக்கத்துப் பாடப்படும் கடவுள் வணக்கமும் காப்பு எனப்படும். பிள்ளைத்தமிழ் என்னும் பிரபந்தத்தின் முதற் பருவமும் அப்பெயரே பெறும். குழந்தையின் கையில் அணியும் வளையும் காப்பே. அவ்வளை குழவியின் சிறு கைக்கு அணியாம். கை வளர்ந்து பெருத்த பின்னும் அதனைக் கழற்றாது விடின் யாதாம்? அணியாய் இருந்ததே கையை இறுக்கும் தளையாம்.

இக்கட்டுரைக்குப் பொருளும் இதுவே. வயது நிரம்பிய ஆடவரையும் பெண்டிரையும் அவ்வயதிற்குரியோராக மதியாது, பிள்ளைகளைப்போல் நடத்தும் வழக்கம் இக்காலச் சமுதாயத்திற் பல துறைகளிலும் காணப்படுகின்றது. அவர்க்காகப் பிறர் எண்ணுகின்றனர், பிறர் பேசுகின்றனர், பிறரே முடிவும் செய்கின்றனர். இவையெல்லாம் பெரும்பாலும் அன்பின் பெயராலேயே நிகழ்கின்றன. வெளிப்படையான கொடுமையை எதிர்த்தல் எளிது. அன்பின் உருவில் வரும் இழிவை எதிர்த்தல் அரிது. ஆகலின் இதனைச் சிறிது ஆராய்வாம்.

காவலின் இலக்கணம்

குழந்தையைக் குழந்தையாக நடத்துதல் குற்றமன்று. தீயைத் தொடப்போகும் கையைப் பிடித்திழுக்கும் தாய், குழவியின் இசைவைக் கேட்டு நிற்பதில்லை. நில்லாமையே அவள் கடமை. ஆயினும் அவளது காவலுக்கு ஓர் எல்லை உண்டு. நடைபயிலும் பிள்ளையின் கையைப் பற்றுகின்றவள், அக்கையை விடும் நாளை எதிர்நோக்கியே பற்றுகின்றாள். தன் முடிவைத் தானே நாடுதல்தான் உண்மையான காவலின் இலக்கணம் என்க.

சட்டமும் இதனை ஒப்புகின்றது. 1875-ஆம் ஆண்டின் இந்திய வயதுவந்தோர் சட்டம் 18 வயதை எல்லையாக வகுத்தது. நீதிமன்றம் காப்பாளரை நியமித்த இளைஞர்க்கு மட்டும் அவ்வெல்லை 21 ஆக இருந்தது; 1999-இல் வந்த திருத்தத்தால் அவர்க்கும் 18 என்றாயிற்று. வாக்குரிமைக்குரிய வயதும் அரசியலமைப்பின் 61-ஆம் திருத்தத்தால் 1989-இல் 21-லிருந்து 18-ஆகக் குறைந்தது. அந்நாள் வந்ததும் காப்பாளர் கணக்கை ஒப்படைத்து விலகவேண்டும், விலகாதவர் குற்றவாளியாவர்.

தூய பவுல் கலாத்தியர்க்கு எழுதிய நிருபத்தின் 4-ஆம் அதிகாரத்திலும் இக்கருத்து உவமையாக எடுத்தாளப்பட்டுள்ளது. தந்தையின் உடைமைக்கெல்லாம் உரிய மைந்தனும் இளமையில் மேற்பார்ப்போர்க்கு அடங்கியே இருக்கின்றான். அந்நிலையில் அவனுக்கும் அடிமைக்கும் வேற்றுமை தோன்றுவதில்லை. ஆயினும் அந்நிலை தந்தை குறித்த காலம் வரையிலுமே என்பது அவ்வுவமையின் சாரம். குறித்த காலம் என்பதே ஈண்டு உயிர்நிலையாம். காலம் குறிக்கப்பட்டிருப்பின் அது காவல். குறிக்கப்படாதாயின் மைந்தனுக்கும் அடிமைக்கும் உள்ள வேற்றுமை ஒருநாளும் வெளிப்படாது. இவ்வளவுகோலைக் கையிற் கொண்டு இனிப் பிற இடங்களை அளந்து பார்ப்போம்.

நாடுகள் பிள்ளைகளான வரலாறு

தனிமனிதரை மட்டுமன்றி முழு நாடுகளையும் பிள்ளைகளாகக் கருதிய காலம் ஒன்றிருந்தது. முதல் உலகப்போரின் பின் 1919-இல் வகுக்கப்பட்ட சர்வதேச சங்க உடன்படிக்கையின் 22-ஆம் விதி, தோற்ற அரசுகளின் ஆட்சியினின்று நீங்கிய நாட்டு மக்களைத் தம் காலில் நிற்க இன்னும் ஆற்றலற்றோர் எனக் கூறி, அவரை வளர்க்கும் பொறுப்பை முன்னேறிய நாடுகளிடம் ஒப்படைத்தது. அவ்வாறு தென்மேற்கு ஆப்பிரிக்கா தென்னாப்பிரிக்காவின் கையிற் சென்றது. 1966-இல் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை அப்பொறுப்பு முடிந்ததென அறிவித்த பின்னும் காப்பாளர் கையை விடவில்லை. அந்நாடு நமீபியா என்னும் பெயருடன் விடுதலை பெற்றது 1990-இலேயாம்.

நம் நாட்டின் கதையும் இதற்கு அயலன்று. 1919-ஆம் ஆண்டின் இந்திய அரசாங்கச் சட்டம், இந்தியர் எப்பொழுது எவ்வளவு முன்னேறலாம் என்பதைப் பிரிட்டிஷ் பார்லிமெண்டே முடிவு செய்யும் என்று தன் முகவுரையிலேயே கூறிற்று. அம்முன்னேற்றத்தை அளந்தறிய 1927-இல் அமைந்த சைமன் குழுவில் இந்தியர் ஒருவரேனும் இடம்பெறவில்லை. காப்பாளனே தேர்வாளனும் ஆவானாயின், மாணவன் தேறும் நாள் எங்ஙனம் வரும்? தேறினால் காப்பாளனுக்குத் தொழில் இல்லையே! ஆகலின், ஒருவன் வளர்ந்துவிட்டானா என்பதை முடிவு செய்யும் உரிமை, அவன் வளராமையால் ஊதியம் பெறுவோர் கையில் இருத்தலாகாது என்பது இவ்வரலாறு தரும் பாடம்.

விளியும் வழக்கும்

ஒருவரைப் பிள்ளையாக்குவதற்குச் சட்டமும் படையும் வேண்டுவதில்லை. ஒரு விளிச்சொல்லே போதும். மகிழ்ச்சி, உயர்வு, சிறப்பு, சினம், இழிப்பு முதலிய காரணங்களால் பாலும் திணையும் மயங்கி வருதலை நன்னூலார் வழுவமைதியாக ஒப்புகின்றார். பசுவை என் அம்மை என்பது மகிழ்ச்சியால் வந்த மயக்கம். மனிதனை மாடு என்பது இழிப்பால் வந்த மயக்கம். சொல் மாறிய வகை ஒன்றே. உள்ளத்து நின்ற காரணமே வேறு. வளர்ந்தவரைப் பிள்ளை என்னும் வழக்கையும் இவ்வாறே பகுத்துணர்தல் வேண்டும்.

நரைத்த தலையோடு மகன் முன் நிற்கும் தாய், நாற்பது வயதான அவனை 'என் குழந்தாய்' என்கின்றாள். இது மகிழ்ச்சியின் பாற்படும். ஆயின், பண்ணையில் உழைத்துத் தேய்ந்த முதியவரை, நிலக்கிழாரின் பத்து வயதுச் சிறுவன் பெயர் சொல்லி ஒருமையில் அழைத்ததும், அம்முதியவர் அச்சிறுவனைச் 'சின்ன ஐயா' என்று பணிந்ததும் நம் நாட்டுச் சிற்றூர்களின் வழக்கமாய் இருந்தன. சாதியின் பெயரால் அகவை தலைகீழாயிற்று. வாழ்நாள் முழுதும் உழைத்தும் பெரியவர் என்னும் பெயரை அவர் ஈட்டக் கூடவில்லை. இவ்வழக்கம் இன்று முற்றும் ஒழிந்ததெனத் துணிந்து கூறுவார் யார்?

அமெரிக்க நாட்டின் தென்பகுதியிலும் இதற்கு இணையான வழக்கம் இருந்தது. கறுப்பின ஆடவர் நரை எய்திய முதியராயினும், வெள்ளையர் அவரைப் பையன் என்றே விளித்தனர். 1968-இல் மெம்பிஸ் நகரத்துத் துப்புரவுத் தொழிலாளர் ஏறத்தாழ 1,300 பேர் வேலைநிறுத்தம் செய்தபொழுது தாங்கி நின்ற பலகைகளில், 'நான் ஒரு மனிதன்' என்னும் வாசகமே பொறித்திருந்தது. மனிதனைக் குறிக்கும் அவ்வாங்கிலச் சொல் வளர்ந்த ஆண்மகனையும் குறிக்கும். எனவே அவ்வாசகம் 'யான் பையன் அல்லேன்' என்னும் மறுமொழியும் ஆயிற்று. அவர்கள் கேட்டது கூலி மட்டுமன்று. தம் வயதையும் கேட்டனர்.

மகளிரும் மாணவரும்

பெண்ணை இளமையில் தந்தையும், பின்பு கணவனும், முதுமையில் மைந்தனும் காக்கவேண்டும் என்னும் பழங்கொள்கையில், அவள் தானே தனக்குரியவளாகும் நாள் ஒன்று குறிக்கப்படவில்லை. அக்கொள்கை ஏட்டளவில் நின்றுவிடவில்லை. 2017-இல் கேரள உயர்நீதிமன்றம் 24 வயதான மாணவியொருவரின் திருமணத்தைச் செல்லாததாக்கி, அவரைப் பெற்றோர் காவலில் ஒப்படைத்தது. அரசு தந்தையின் நிலையில் நின்று காக்கலாம் என்னும் கோட்பாடு அதற்குத் துணையாயிற்று. 2018-இல் உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை நீக்கி, வயது வந்தவர் தமக்குரிய துணையைத் தாமே தெரிந்துகொள்ளுதல் அவர் உரிமை என உறுதி செய்தது. பெற்றோரின் துயரம் பொய்யென்று எவரும் கூறார். துயரம் மெய்யாயினும் அது வயது வந்த மகளின் வாழ்வின்மேல் ஆணை செலுத்தும் உரிமையைத் தாராது என்பதே அத்தீர்ப்பின் கருத்து.

நம்மை ஒத்த மாணவர் நிலைமையையும் ஈண்டு நோக்குதல் தகும். 19 வயது மாணவி நாட்டின் சட்டங்களை இயற்றும் உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கலாம். ஆனால் விடுதிகள் பலவற்றில், அந்திநேரத்தில் வாயிலைக் கடந்து நூல்நிலையம் செல்லப் பெற்றோரின் கடிதம் அவருக்கு வேண்டும். அவர் வயதுடைய மாணவர்க்கோ வாயில் அடைபடும் நேரம் வேறாக இருக்கும். விடுதிக்கு ஒழுங்கு வேண்டுவதே. பலர் கூடி வாழும் இடத்தில் விதி இன்றியமையாதது. ஆயின் விதி இருவகைப்படும். காரணம் கூறி, இருபாலார்க்கும் ஒப்ப, உட்பட்டோரையும் கலந்து செய்வது ஒன்று. 'உன் நன்மை எமக்குத் தெரியும்' என்பதையே காரணமாகக் கொண்டு செய்வது மற்றொன்று. முன்னது குடிமக்களுக்குரியது, பின்னது குழந்தைகளுக்குரியது. குடிமக்களாய் வாழப் பயிற்றும் கல்விச்சாலைக்கு இவற்றுள் எது பொருந்தும் என்பதைக் கற்றோர் ஆராய்க.

முதியோரும் நோயுற்றோரும்

இவ்வழக்கம் மிகுதியாகவும், மிக்க அன்புடனும் நிகழும் இடம் முதியோர் வாழும் இல்லமேயாம். மருத்துவரிடம் பாட்டியை அழைத்துச் செல்கின்றோம். மருத்துவர் "இவர்களுக்கு என்ன செய்கிறது?" என நம்மை நோக்கி வினவுகின்றார், நாமும் மறுமொழி தருகின்றோம். வலியுடையவரோ இருவர்க்கும் இடையே வாளா அமர்ந்திருக்கின்றார். அவர் ஆறு மக்களைப் பெற்று வளர்த்தவர். பஞ்சத்திலும் குடும்பத்தைக் காத்தவர். இன்று தம் வயிற்றுவலியைத் தாமே கூறும் உரிமையும் அவர்க்கில்லை. கையிற் பணம் கொடுப்பதில்லை, 'உங்களுக்கு எதற்கு?' என்கின்றோம். இழவுச் செய்தியை மறைக்கின்றோம், 'தாங்கமாட்டார்' என்கின்றோம். இவை அனைத்தும் அன்பே. ஆயினும் இவ்வன்பு அவர் வாழ்வை நாள்தோறும் சிறிது சிறிதாய் அவரிடமிருந்து வாங்கிக்கொள்கின்றது.

இதன் விளைவை அளந்தறிந்த ஆராய்ச்சியும் உண்டு. அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்து முதியோர் இல்லம் ஒன்றில் எல்லன் லாங்கர், ஜூடித் ரோடின் என்னும் உளநூலார் இருவர் செய்த சோதனை 1976-இல் வெளிவந்தது. ஒரு மாடியில் வாழ்ந்த முதியோரிடம், தம் அறையை ஒழுங்கு செய்வதும் பொழுதைக் கழிப்பதும் தம் பொறுப்பே என்று கூறினர். திரைப்படம் காணும் நாளை அவர்களே தெரிந்துகொண்டனர். செடியொன்றும் அவர்கள் விருப்பப்படி எடுத்துக்கொண்டு, தாமே நீரூற்றி வளர்த்தனர். மற்றொரு மாடியில் இருந்தோர்க்கும் செடி கிடைத்தது, திரைப்படமும் காட்டப்பட்டது. ஆனால் நாளைப் பிறர் குறித்தனர். செடிக்குத் தாதியர் நீரூற்றினர். அவர்களை மகிழ்வாக வைத்திருப்பது பணியாளரின் பொறுப்பு என்று சொல்லப்பட்டது. மூன்று வாரத்தின் பின் நோக்கியபொழுது, முதற் கூட்டத்தாரே கூடுதலான ஊக்கமும் விழிப்பும் மகிழ்ச்சியும் உடையோராய்க் காணப்பட்டனர். செடி இருசாரார்க்கும் இருந்தது. ஒருசாரார்க்கே அதன் பொறுப்பு இருந்தது. மனிதனை வாழ்விப்பது எது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ?

பேச்சின் பயனும் இத்தகையதே. மறதிநோயுற்ற முதியோரிடம் தாதியர் மழலைமொழியிற் கொஞ்சிப் பேசியபொழுது, அவர்கள் பணிவிடைக்கு இணங்காது எதிர்த்தல் மிகுந்தது என 2009-இல் வெளியான ஓர் ஆராய்ச்சி காட்டிற்று. நினைவு தேய்ந்தோரும் இழிவை உணர்கின்றனர் என்பது இதனாற் புலனாகும்.

'அறிவு தடுமாறியவர்க்கும் முடிவு செய்யும் உரிமையா?' என்பார் சிலர். அத்தடைக்கு விடை கூறுவாம். ஒரு செயலில் துணை வேண்டுபவர் எல்லாச் செயலிலும் துணை வேண்டுபவர் ஆகார். வங்கிக் கணக்கை எழுத இயலாதவர் தாம் உண்ணும் உணவைத் தெரிந்துகொள்ள வல்லர். ஐக்கிய நாடுகள் சபை 2006-இல் ஏற்ற மாற்றுத்திறனாளர் உரிமை உடன்படிக்கையின் 12-ஆம் விதி, அவரும் சட்டத்தின்முன் பிறரோடு ஒத்த தகுதியுடையவர் என்கின்றது. அதனை 2007-இல் ஏற்ற நம் நாடு, 2016-இல் இயற்றிய சட்டத்தில், காப்பாளர் ஒருவரே முடிவு செய்யாது இருவரும் கலந்து முடிவு செய்யும் எல்லைக்குட்பட்ட காப்புமுறையை வகுத்தது. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தின்படி, தமக்கு எவ்வகைச் சிகிச்சை வேண்டும், எது வேண்டா என்பதை ஒருவர் முன்கூட்டியே எழுதிவைக்கலாம். தமக்காகப் பேசுவோரையும் தாமே குறிப்பிடலாம். இவற்றின் கருத்து யாதெனின், துணை என்பது ஒருவரது முடிவை நிறைவேற்றற்கு உதவுவது, அம்முடிவைப் பறிப்பதன்று.

தாமே பிள்ளைகளாதல்

இதுகாறும் கூறியது பிறர் செய்யும் பிழை. நாமே விரும்பி ஏற்கும் பிள்ளைமையும் ஒன்றுண்டு. செருமானியத் தத்துவநூலார் இமானுவேல் காண்டு 1784-இல் எழுதிய 'அறிவொளி யாது?' என்னும் கட்டுரையில், வயது வந்தும் பிறர் வழிகாட்டுதலின்றித் தம் அறிவைப் பயன்படுத்த அஞ்சும் நிலையைச் சிறார்நிலை என்றார். சோம்பலும் கோழைமையுமே அதற்குக் காரணம் என்றார். அந்நிலை இனிது; பொறுப்பில்லை.

மைனர் என்னும் சொல்லின் கதை ஈண்டு நினைக்கத்தக்கது. அது வயது வராதவனைக் குறிக்கும் சட்டச்சொல். தமிழ்நாட்டு வழக்கிலோ, முன்னோர் தேடிய பொருளைச் செலவிட்டு உல்லாசமாய்த் திரியும் வயது வந்த செல்வனுக்கும் அது பெயராயிற்று. பொறுப்பேற்காதவன் எவ்வயதினனாயினும் மைனரே என மக்கள் நாவே தீர்ப்பளித்துவிட்டது போலும்! இன்று கைப்பேசியின் விளம்பரம் நமக்கு வேண்டுவதைச் சொல்லவும், தலைவர் ஒருவர் நமக்காக எண்ணவும் இசைந்து கிடக்கும் நாமும் அப்பெயர்க்கு அயலார் அல்லேம். பிள்ளையாக நடத்தப்படுதலை வெறுப்போர், பிள்ளையாக இருத்தலின் சுகத்தையும் துறத்தல் வேண்டும்.

பிள்ளைத்தமிழ் காட்டும் நெறி

'வளர்ந்தோரைப் பிள்ளைகளாக்குதல் இழிவாயின், தமிழர் அதற்கென்றே ஒரு பிரபந்தம் வகுத்தது என்னை?' என்று வினவலாம். தக்க வினாவே. ஒட்டக்கூத்தர் 12-ஆம் நூற்றாண்டில் முடிமன்னனாகிய இரண்டாம் குலோத்துங்கனைப் பிள்ளையாக்கிப் பாடினார். குமரகுருபரர் மீனாட்சியம்மையைப் பாடினார். நபிகள் நாயகத்தின்மீதும் பிள்ளைத்தமிழ்கள் உள்ளன. இயேசுபிரான்மீது அருள் செல்லத்துரை பாடியதும் உண்டு.

ஆயின் அந்நூல்களுள் யார் யாரை வேண்டுகின்றார் என்பதை நோக்குக. முத்தம் தருக எனவும், தளர்நடையிட்டு வருக எனவும் வேண்டி நிற்பவர் வளர்ந்த புலவர். தருதலும் தவிர்தலும் பிள்ளையின் விருப்பம். சிற்றிலைச் சிதையாதே எனச் சிறுமியர் இரக்கின்றனர். அப்பிள்ளையோடு விளையாட வருமாறு வானத்து மதியும் அழைக்கப்படுகின்றது. அங்கே பிள்ளையாதல் சிறுமையன்று. உலகமே பிள்ளையின் விருப்பத்திற்குக் காத்து நிற்கும் பெருமை. நாம் முதியோரையும் ஏழையரையும் பிள்ளையாக்கும்பொழுதோ, கட்டளையிடுபவர் நாம். காத்து நிற்பவர் அவர்.

மற்றொன்றும் உண்டு. மூன்றாந் திங்கள் முதல் இருபத்தொன்றாந் திங்கள் வரை, ஒற்றைப்படைத் திங்களில் ஒவ்வொரு பருவமாகப் பாடுதல் பாட்டியல் மரபு. காப்பு அவற்றுள் முதலாவது. ஆண்பாற் பிள்ளைத்தமிழின் இறுதிப் பருவம் சிறுதேர். தெய்வங்கள் காக்க எனத் தொடங்கிய பாட்டு, பிள்ளை தானே தேரை உருட்டும் இடத்தில் நிறைவெய்துகின்றது. எந்தப் புலவரும் பத்துப் பருவத்தையும் காப்பாகவே பாடினாரில்லை.

முடிவுரை

ஆகவே, நாம் செய்யத்தக்கன சில உள. வலியுடையவரிடமே வலியை வினவுவோம். உடன் வந்தவரிடம் அன்று. ஒருவர்க்கு இயலாத பகுதியை மட்டும் செய்து, இயன்ற பகுதியை அவர்க்கே விடுவோம். காவல் வேண்டுமிடத்து, அது முடியும் நாளையும் முடிவு செய்யும் முறையையும் அவரையும் கலந்தே குறிப்போம். அகவையில் மூத்தவரை, அவர் செய்யும் தொழிலும் பிறந்த குலமும் நோக்காது, பன்மையில் விளிப்போம். அவர் தவறுவர் எனின், தவறுதலும் வளர்ந்தோர்க்குரிய உரிமையே. நாமும் தவறியன்றோ வளர்ந்தோம்!

நம் இல்லத்தில் திண்ணையில் அமர்ந்திருக்கும் முதியவர் இன்று மாலை என்ன உண்ண விரும்புகின்றார் என்பதை, அவர் சார்பில் நாம் கூறாது, அவரையே கேட்டு அறிவோமாக. சிறு வினாவே எனினும், அவர் கையை இறுக்கும் வளை அவ்வினாவினால் சற்றே நெகிழும்.